லைக் கணக்கு நோட்டை மூடி வைப்பது எப்படி

எங்கள் குமரி மாவட்டத்துக் கல்யாண வீடுகளில் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகும் வழியில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். குடும்பத்தில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவர் அங்கே நீள நோட்டோடு உட்கார்ந்து, யார் எவ்வளவு சுருள் (மொய்ப் பணம்) வைத்தார் என்று எழுதிக்கொண்டிருப்பார். கல்யாணம் முடிந்த இரவில், பந்தல்காரர் கம்பு பிடுங்குவதற்கு முன்பே, அந்த நோட்டு வீட்டுக்குள் வாசிக்கப்படும். “அவரு வீட்டுப் பால்காய்ப்புக்கு நாம ஆயிரம் வச்சோம், அவரு ஐந்நூறுதான் வச்சிருக்காரு” என்று யாராவது ஒருவர் சொல்வார். ஒரு பெருமூச்சு எழும். அதோடு நோட்டு அலமாரிக்குப் போய்விடும்.

கைபேசியில் லைக் எண்ணும் வேலையும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் போட்டார், யார் போடவில்லை, நான் அவருக்குப் போட்டேனே, அவர் பார்த்துவிட்டும் பேசாமல் போனாரே என்று மனம் எழுதிக்கொண்டே இருக்கிறது. ஆனால் சுருள் நோட்டு ஒரே நாளில் மூடப்பட்டுவிடும். இந்த நோட்டு இரவு பன்னிரண்டு மணிக்கும் தலைமாட்டில் திறந்தே கிடக்கிறது. நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். மாணவர்களிடமும் என் வீட்டிலும், கூச்சத்தோடு சொன்னால் என்னிடமே, பார்த்துத் தெரிந்துகொண்டவற்றை வைத்து, செயலியை அழிக்காமலேயே அந்தக் கணக்கை மூடும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

அந்த எண் ஏன் இவ்வளவு இழுக்கிறது

முகநூலில் லைக் பொத்தான் 2009 பிப்ரவரி 9 அன்று வந்தது. அதை உருவாக்கிய குழுவில் இருந்த ஜஸ்டின் ரோசன்ஸ்டீன், பிற்காலத்தில் தம் கைபேசியில் புதிய செயலி எதையும் தாமே இறக்கிக்கொள்ள முடியாதபடி, பெற்றோர் பிள்ளைகளுக்குப் போடும் பூட்டைத் தமக்கே போட்டுக்கொண்டார். சமைத்தவரே பந்தியில் உட்காராமல் எழுந்து போவதைப் போன்றது இது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, 148 படங்களைக் காட்டினார்கள். அவற்றில் 40 அவரவரே கொடுத்த படங்கள். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில், தம் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டபோது, பரிசு கிடைத்தால் தூண்டப்படும் மூளைப் பகுதி அந்தப் பிள்ளைகளிடம் கூடுதலாக இயங்கியது தெரிந்தது. அந்தச் செய்தியைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. படங்களுக்குக் கீழே இருந்த லைக் எண்ணிக்கை ஆய்வாளர்களே வைத்த எண்ணிக்கை. ஒரே படத்தை ஒரு பாதிப் பேருக்கு நிறைய லைக்குகளோடும் மறு பாதிப் பேருக்குக் குறைந்த லைக்குகளோடும் காட்டினார்கள். எண் பெரிதாக இருந்த படத்துக்கே பிள்ளைகள் தாமும் லைக் போட முனைந்தார்கள். படம் மாறவில்லை, எண்தான் மாறியது.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, தவறாமல் கிடைக்கும் பரிசைவிட ஆளைக் கட்டிப்போடும் என்பதைப் புறாக்களை வைத்து உளவியலாளர் ஸ்கின்னர் எப்போதோ விளக்கிவிட்டார். முட்டம் பாறைகளில் மாலை முழுதும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் அவரும் இதைச் சொல்வார். மீன் கட்டாயம் படும் என்றாலும், அறவே படாது என்றாலும் அவர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். பட்டாலும் படலாம் என்பதுதான் அவரை இருத்தி வைக்கிறது.

இன்னொன்றையும் புரிந்துகொண்டால் பாதிப் பாரம் குறையும். சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்குவதையும் மறுபக்கம் நிலவு எழுவதையும் காணக் கூடும் கூட்டத்தில், இரண்டு தோழிகள் தோளோடு தோள் நின்று ஒரே காட்சியை எடுத்துப் பதிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு முந்நூறு லைக், மற்றவளுக்கு முப்பது. படத்தில் வேறுபாடு இல்லை. இன்ஸ்டாகிராம் 2016இலேயே பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதைக் கைவிட்டு, எதை யாருக்குக் காட்டுவது என்பதைத் தன் கணக்கீட்டின்படி முடிவு செய்யத் தொடங்கிவிட்டது. ஆகவே முப்பது என்ற எண், பார்த்தவர்களில் முப்பது பேருக்குத்தான் பிடித்தது என்று சொல்லவில்லை. எத்தனை பேர் கண்ணில் அது காட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கடையை எந்தத் தெருவில் வைத்தோம் என்பதை மறந்துவிட்டு, வியாபாரம் குறைந்ததற்குச் சரக்கைக் குறை சொல்வது போலத்தான் நாம் நம் முகத்தையும் நிறத்தையும் குறை சொல்லிக்கொள்கிறோம்.

இதன் பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரையும், தனிமையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சமூக ஊடகம் துணையாவதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான், அது சிறாருக்குப் போதுமான அளவு பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது என்றது. ஆகையால் முதலில் செய்ய வேண்டியது, தனக்கு எவ்வளவு படுகிறது என்று தானே பார்த்துக்கொள்வது.

முதல் மூன்று நாள்: மாற்றாமல் எழுதுங்கள்

பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு, மூன்று நாளைக்கு, லைக் வந்திருக்கிறதா என்று பார்க்கக் கைபேசியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்றே விவரங்களைக் குறியுங்கள்: மணி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, பார்த்துவிட்டுக் கீழே வைக்கும்போது இருந்த மனநிலை. இந்த மூன்று நாளும் பழக்கத்தைக் குறைக்க முயல வேண்டாம். குறைக்கத் தொடங்கினால் மனம் பொய்க்கணக்கு எழுதும். ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதிக்குப் போனால், ஒரு நாளில் எத்தனை தடவை பூட்டைத் திறந்தீர்கள் என்பதையும் அதுவே எண்ணி வைத்திருக்கும். உங்கள் கணக்கை அதோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழே பறளியாற்றங்கரையில் நின்று எடுத்த படம் ஒன்றைப் பதிவிட்ட மறுநாள் நான் இப்படி எழுதத் தொடங்கினேன். முதல் வரி இது: “காலை 5.40. பல் தேய்க்கவில்லை. பதினொன்று. ஒருமாதிரி இருக்கிறது.” அதற்குக் கீழே அடுக்களையில் ஒன்று, பேருந்துக்காக நிற்கும்போது இரண்டு, துக்க வீட்டு முற்றத்தில் ஒன்று. அந்தக் கடைசி வரியை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. வெளியே சொல்ல முடியாத ஒன்று நம் கையெழுத்திலேயே எதிரில் இருக்கும்போது அதற்குமேல் யாரும் வந்து புத்தி சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் முடிவில் குறிப்பை வாசித்துப் பார்த்தால், எந்த நேரமும் எந்த இடமும் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரியும். பெரும்பாலோருக்கு அது விழித்தவுடன், தூங்கும் முன், காத்திருக்கும் வேளை ஆகிய மூன்றாகத்தான் இருக்கும். பார்த்த பிறகு மனம் இலேசானதா, சுருங்கியதா என்ற பத்தியே முக்கியம். சுருங்கியது என்று பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டியதுதான்.

எண்ணைக் கண்ணிலிருந்து மறைத்தல்

2019இல் கனடாவில் தொடங்கிப் பல நாடுகளில் லைக் எண்ணிக்கையை மறைத்துப் பார்த்த இன்ஸ்டாகிராம், சிலருக்கு அது நன்மையாகவும் சிலருக்கு எரிச்சலாகவும் இருந்தது என்று கூறி, 2021 மே மாதம் மறைப்பதா வேண்டாமா என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. அந்த வசதி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அமைப்புகள் பகுதியில் ‘லைக் அண்ட் ஷேர் கவுண்ட்ஸ்’ என்பதைத் தேடி, மறைக்கும் பொத்தானை இயக்கினால், பிறர் பதிவுகளுக்குக் கீழே எண் தெரியாது. உங்கள் பதிவின் எண் பிறருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால், அந்தப் பதிவின் மூன்று புள்ளிகளைத் தொட்டு அங்கே மறைக்க வேண்டும். முகநூலில் இதே வசதி ‘ரியாக்‌ஷன் பிரிஃபரன்சஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. செயலியைப் புதுப்பிக்கும்போது பொத்தான்கள் இடம் மாறுவதுண்டு. கிடைக்காவிட்டால் அமைப்புகளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘லைக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. உங்கள் பதிவின் எண்ணைப் பிறருக்குத்தான் மறைக்க முடியுமே தவிர, நீங்கள் தொட்டுப் பார்த்தால் உங்களுக்குத் தெரியத்தான் செய்யும். ஆகவே மறைப்பதோடு நிற்காமல், அறிவிப்புகள் பகுதிக்குப் போய் லைக்குக்கான அறிவிப்பை அறவே நிறுத்துங்கள். கருத்துகளுக்கும் நேரடிச் செய்திகளுக்குமான அறிவிப்புகளை நிறுத்த வேண்டியதில்லை. ஒருவர் இரண்டு வரி எழுதுவதும் ஒரு விரல் தட்டிவிட்டுப் போவதும் ஒன்றல்ல.

வாட்ஸாப் ஸ்டேட்டஸ்தான் நம் ஊரில் பெரிய தொல்லை என்பது என் கருத்து. இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாதவர்கள் நிறைய; ஸ்டேட்டஸ் பட்டியலில் இருப்பவர்களோ சித்தி, மைத்துனர், அடுத்த வீட்டுக்காரர். கண் படத்தைத் தொட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று பெயரும் நேரமும் வரிசையாக நிற்கின்றன. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாதவர் மேல் வருத்தம் முளைக்க அதுவே போதும். தனியுரிமைப் பகுதியில் ‘ரீட் ரிசீப்ட்ஸ்’ என்பதை நிறுத்திவிட்டால் அந்தப் பட்டியல் உங்களுக்குத் தெரியாது. நீல நிற டிக் குறியும் அதோடு போய்விடும் என்பதால், தொழிலுக்காக அந்தக் குறி தேவைப்படுவோர் மட்டும் யோசித்துச் செய்யவும்.

பதிவிடும் நேரமும் அழிக்கும் அவசரமும்

பதிவிடுவதையே நிறுத்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நல்லதைக் கண்டால் நாலு பேரிடம் காட்ட வேண்டும் என்பது கைபேசிக்கு முன்பே மனிதருக்கு இருந்த ஆசை. ஆனால் தூங்கப் போகும் முன் பதிவிட வேண்டாம். முதல் ஒரு மணி நேரம்தான் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும் நேரம், அந்த மணி தூக்கத்தின் மேல் விழக் கூடாது. கை வேலையாக இருக்கப்போகும் ஒரு பொழுதுக்கு முன் பதிவிடுங்கள். ரப்பர் விளையில் பால் வெட்டப் போகிறவர் வெட்டுக்கு முன்னால் பதிவிட்டுவிட்டு, ஷீட் அடித்துக் கொடியில் போட்ட பிறகு பார்த்தால் போதும். கல்லூரிக்குப் போகிறவர் முதல் வகுப்புக்கு முன் பதிவிட்டு மதியம் பார்க்கட்டும். இடையில் போன நேரத்தில் பாதிப் பரபரப்பு தானே வடிந்திருக்கும்.

எண்ணிக்கை குறைவென்று ஒரு படத்தை அழிப்பது, நான் பார்த்தவற்றிலேயே வருத்தமான பழக்கம். நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள், விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்துக்குத் தன் ஆச்சியை அழைத்துக்கொண்டு போனாள். 77 மீட்டர் நீளப் பாலம். காலுக்குக் கீழே கடல் அலைவது தெரிகிறது. ஆச்சி பாதி தூரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பேத்தியின் துப்பட்டாவை இறுகப் பற்றி, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தைப் பதிவிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், மரச்சீனி வெந்து இறக்குவதற்குள் கைபேசியை எத்தனை தடவை கவிழ்த்தாள், நிமிர்த்தினாள் என்று எண்ணிச் சலித்துவிட்டேன். மீன்குழம்பு ஊற்றும்போது, “மாமா, அத டெலீட் பண்ணிட்டேன், நாப்பத்தொண்ணுதான் வந்துச்சு” என்றாள். “நாப்பத்தொரு பேரு நம்ம வீட்டுக்குள்ள வந்தா உக்கார இடம் உண்டா மக்களே?” என்று கேட்டேன். சிரித்தாள், ஆனால் சமாதானம் ஆகவில்லை. படம் எடுக்கப்பட்டது செயலியின் கேமராவில், கைபேசியில் வேறு பிரதி இல்லை என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

இன்ஸ்டாகிராமில் அழித்த பதிவு ‘ரீசென்ட்லி டெலீட்டட்’ என்ற இடத்தில் 30 நாள் வரை இருக்கும். அங்கிருந்து அதை மீட்டோம். இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி ஒரு படம் போயிருந்தால், முப்பது நாள் கடக்கும் முன் அங்கே தேடிப் பாருங்கள். இனிமேல் பிடிக்காத பதிவை அழிப்பதற்குப் பதில் ‘ஆர்க்கைவ்’ செய்து, அதாவது பிறர் கண்ணில் படாமல் எடுத்து வைத்து, ஒரு மாதம் கழித்து அதே படத்தை எண் இல்லாமல் பாருங்கள். தங்கை மகள் அதைத் திரும்பப் பதிவிடவில்லை. ஸ்டுடியோவில் பிரதி போட்டு ஆச்சியிடம் கொடுத்தாள். ஆச்சி அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

உறவுக்காரர் கணக்கு

நம் மாவட்டத்தில் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. துபாயிலோ குவைத்திலோ இருக்கும் அண்ணன், வீட்டுத் திருவிழாப் படத்துக்கு லைக் போடவில்லை என்பதற்காக இங்கே தம்பி பேச்சைக் குறைத்ததையும், “அவ படத்துக்கு ஹார்ட்டு, எனக்கு வெறும் கட்டைவிரலா” என்று நாத்தனார் மனம் கசந்ததையும் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த அண்ணன் இரட்டை ஷிப்ட் முடித்துப் படுத்திருப்பார். அல்லது அந்தப் படம் அவருக்குக் காட்டப்பட்டே இருக்காது.

இதற்கு நான் கண்ட மருந்து எளிது. ஒருவர் லைக் போடவில்லையே என்ற எண்ணம் இரண்டாம் தடவை எழுந்தால், அதே படத்தை அவருக்கு மட்டும் தனியாக அனுப்பி, “அண்ணா, கொடியேத்தத்துக்கு எடுத்தது, நீ நினைவுக்கு வந்தே” என்று ஒரு வரி எழுதுங்கள், அல்லது கூப்பிட்டுப் பேசுங்கள். அதோடு நீங்களும் கடமைக்காக லைக் போடுவதை நிறுத்துங்கள். கடனுக்குப் போட்டவன்தான் வட்டிக் கணக்குப் பார்ப்பான். பிடித்ததற்கு ஒரு வாக்கியமாவது எழுதுவது என்று வைத்துக்கொண்டால், எண்ணிக்கை குறையும், பேச்சு கூடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

இந்தத் தளங்களின் விதிப்படியே 13 வயது நிரம்பாதவர்கள் கணக்குத் தொடங்கக் கூடாது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் தொடங்கிய கணக்கு வீட்டில் இருந்தால், திட்டுவதற்கு முன் அதை யார் தொடங்கிக் கொடுத்தது என்று கேளுங்கள். பல வீடுகளில் அது அப்பாவோ மாமாவோதான். கைபேசியைப் பிடுங்குவது ஒரு வாரத்துக்குத்தான் பலன் தரும். பிள்ளை இன்னொருவர் கைபேசியில் தொடரும், உங்களிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிடும். அதைவிட, மேலே சொன்ன மூன்று நாள் குறிப்பைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே எழுதி, இரவு மாற்றி வாசியுங்கள். அப்பாவின் பட்டியல் நீளமாக இருக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

பிளஸ் டூ முடிவு வரும் நாளில் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை ஸ்டேட்டஸில் வைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அதற்கு விழும் வாழ்த்துகளை எண்ணுவது நீங்கள்தான் என்றாலும், அந்த எண்ணைச் சுமப்பது பிள்ளை. வைக்கும் முன் அவரிடம் கேளுங்கள்; வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்

இரண்டு வாரம் இதையெல்லாம் செய்து பார்த்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு குறைகிறது, பிடித்த வேலைகளில் மனம் ஒட்டவில்லை, வெளியே வர மறுக்கிறார், தன் உடலையும் முகத்தையும் வெறுத்துப் பேசுகிறார் என்றால், அது செல்போன் பழக்கம் மட்டும் அல்ல. லைக் குறைந்ததுதான் காரணம் என்று நாம் நினைத்திருக்க, உள்ளே மனச்சோர்வோ பதற்ற நோயோ இருக்கக்கூடும். ‘செத்துப்போகலாம்போல இருக்கு’ என்ற சொல் ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். தமிழக அரசின் 104 உதவி எண்ணும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 1098 எண்ணும் இருக்கின்றன. படத்தை மாற்றி மிரட்டுவது, காசு கேட்பது போன்றவை கலந்திருந்தால் அது குற்றம். இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்குப் புகார் செய்யுங்கள், மிரட்டல் செய்திகளை அழித்துவிடாதீர்கள். நேரில் போவதானால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு எடுத்துக்கொள்வது நல்லது. அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று தயங்கி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க அதே வாசலில்தான் நிற்கிறோம்.

போகும்போது அந்த மூன்று நாள் குறிப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது விழித்தார், எதைப் பார்த்த பிறகு மனம் சுருங்கியது என்று மருத்துவர் கேட்கும்போது, வரிசையில் நின்று களைத்த நிலையில் நினைவுபடுத்திச் சொல்வதைவிட, டைரியை எடுத்து நீட்டிவிடுவது எளிது.